இரவுக்குப் பாஸ்தா

“கஜனி, ஓடி வா! கொண்ணருக்கு இரவைக்குப் பாஸ்தா வேணுமாம்!”

கைத்தொலைபேசியோடு குசினிக்குள் பாய்ந்தாள் சுதாஜினி. குசினி என்பது பேருக்குத்தான். அரைச்சுவர் எழுப்பிய மேசன் மாதக்கணக்காகத் தலைமறைவு. மேலே தறப்பாள்தான் கூரை. மாரியோ வரப்போகிறது. காலையில் இதை வைத்துத்தான் புருசனோடு பெரிய சண்டை. “சுவர் எழும்பாட்டி நான் ஓமந்தைக்கு, அம்மா வீட்டை போறன்” என்று வாயை விட்டுவிட்டாள். நிரோஜன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அண்ணன் பாஸ்தா கேட்டவரோ?” நிரோஜனின் தங்கை கஜனி நம்பவில்லை. “போன கிழமை அந்தப் பக்கெற்றைப் பார்த்திட்டு, உது மாட்டுத்தீனி எண்டெல்லோ சொன்னவர்!”

“இப்பதான் போன் எடுத்தவர். ஒரே இரைச்சல். ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்தா’ எண்டதோட லைன் அறுந்து போச்சு. எனக்கு விருப்பமானதைக் கேட்டுச் சமாதானத்துக்கு வாறார். பாவம், மனிசன்.”

சொல்லும்போதே கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

கஜனி கரட், போஞ்சி, லீக்ஸ் என்று அகப்பட்டதையெல்லாம் அரிந்தாள். பாஸ்தா அவிந்தது.

“பால் விடட்டாம் மச்சாள், பக்கெற்றிலை எழுதிக் கிடக்கு.”

“அப்ப தேங்காயைத் துருவு!”

முதற்பால் கொதித்து, கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் மணந்தபோது, அது எந்த நாட்டுச் சாப்பாடு என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியவர் சாட்சாத் மேசன் வீரபாகு!

“வாங்கோ பாஸ், இருங்கோ” என்று நிரோஜன் கதிரையை இழுத்துப் போட்டான். மேசன்மாரை ஊரில் எல்லாரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

சுதாஜினிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தட்டிலும் பாஸ்தாவைக் குவித்து வைத்தாள். அதைப் பார்த்ததும் நிரோஜனின் முகம் செத்துப்போனது. வீரபாகு ஒரு துண்டை எடுத்து, அதன் ஓட்டை வழியாக விளக்கைப் பார்த்தார். பிறகு வாயில் போட்டார். அதற்குப் பிறகு தட்டு காலியாகும்வரை நிமிரவே இல்லை.

“தங்கச்சி, இன்னும் கொஞ்சம் போடுங்கோ. நாளைக்கு விடியவே வேலைக்கு வாறன். மத்தியானமும் உதையே வையுங்கோ.”

தட்டோடு குசினிக்குள் ஓடியவளின் பின்னாலேயே நிரோஜனும் வந்தான்.

“சோறு எங்கை? கறி எங்கை? உதை ஆர் கேட்டது?”

“நீங்கள்தானே கேட்டனீங்கள்! ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்தா’ எண்டு போனிலை…”

நிரோஜன் தலையில் கை வைத்தான்.

“ஐயோ! ‘இரவுச் சாப்பாட்டுக்குப் பாஸ்தான் வாறார், கோழியை அடி’ எண்டெல்லோ சொன்னனான்!”