உறை

எல்லாரும் படுத்தப்புறம்தான் பெனிட்டாவுக்கு வாயே திறந்துச்சு. "அக்கா, ஃப்ரிட்ஜ்ல உறைன்னு எழுதி ஒரு குப்பி வச்சிருந்தியே, அது தயிருக்குத்தானே?"

ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தா. காலேஜ் லேப்ல பாக்டீரியாவோட ஜீனை மாத்தி, மக்கிப்போற பிளாஸ்டிக் செய்ய வைக்கிறவ அவ. லேப் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தா.

"கவர் செய்யற கிருமிடி அது. கவருக்குத் தமிழ்ல உறைதானே? என்ன பண்ணின?"

"பால்ல ஊத்திட்டேன். நல்லா கெட்டியா உறைஞ்சுது. ரூபன் மட்டும் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான்."

எப்பவும் லூசுன்னு திட்டுற அக்கா இப்போ திட்டல. நேரா அடுப்படிக்கு ஓடினா. பெனிட்டாவும் பின்னாலேயே போனா.

அடுப்படியில மிச்சத் தயிரை ஜெசிந்தா கவுத்துப் பார்த்தா. ஒரு சொட்டு விழல. மேலே இருந்த ஆடையை நகத்தால கிள்ளி இழுத்தா. அது கிழியாம, கண்ணாடித்தாள் மாதிரி நீண்டுகிட்டே வந்துச்சு.

"இது மக்கிடும்லக்கா?"

"மக்கும். மண்ணுல."

உள்ளே இருந்து தம்பி ரூபன் இருமினான். "அக்கா, தொண்டையில ஆடை மாட்டியிருக்கு. தண்ணி கொண்டா."

பெனிட்டா சொம்போட ஓடினா. ரூபன் வாய்க்குள்ள விரலை விட்டு, எதையோ மெதுவா வெளியே இழுத்துக்கிட்டே இருந்தான்.