மூன்று கிரெய்ன்

ஹாரனை அமுக்கிக்கொண்டே சரளைக்குழிக்குள் வண்டியை இறக்கினேன்.

என் தம்பி ஓரின், அங்கிருந்த மேசைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, அதன் பின்கட்டையில் கன்னத்தைப் பதித்திருந்தான். காதில் அடைப்பான். ஹாரன் கேட்டிருக்காது. நான் கிளப்பிய புழுதிதான் அவனைத் திரும்பவைத்தது.

"சுடாதடா! மொதல்ல அதை விட்டுக் கையை எடு!"

அடைப்பானைக் கழற்றினான். கையை எடுக்கவில்லை.

"வாக்கா வா. வீட்டைத்தான் எடுத்துக்கிட்ட. இதுவும் வேணுமா?"

அப்பா போய்ப் பதினான்கு மாதமாகிறது. அதன்பின் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். வீடும் பட்டறை மேசையும் எனக்கு, துப்பாக்கியும் அதன் நோட்டும் அவனுக்கு என்று அப்பா எழுதிவைத்திருந்தார். கடைசி ஆறு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டா கட்டியவள் நான். அக்டோபரில் வேட்டைக்காலம் வந்தால் மட்டும் எட்டிப்பார்த்தவனுக்குத் துப்பாக்கி. எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு வீட்டை நினைத்து எரிந்தது.

அது கடைத் துப்பாக்கி இல்லை. அப்பா தன் இஷ்டத்துக்கு ஒரு தோட்டா வடிவத்தை யோசித்து, அதற்கென்றே குழல் கடைந்து செய்யச் சொன்னது. இப்படிப்பட்டதைக் காட்டுப்பூனை என்பார்கள் எங்கள் பக்கம். தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. எவ்வளவு வெடிமருந்து போடலாம் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. அப்பாவின் நோட்டில் மட்டும் இருந்தது: அறுபது கிரெய்ன், இதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம். மருந்தை நிறுக்கும் சின்ன எடை அது, ஒரு கிராமுக்குப் பதினைந்து கிரெய்ன்.

"அறுபது போட்டியா?"

"நோட்டுல என்ன இருக்கோ அதேதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

பொய்யில்லை. இதற்கென்றே புதிதாக மின்தராசு வாங்கி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்தை இரண்டு தடவை எடை பார்த்தானாம். அவன் மனைவி டில்டா திங்கட்கிழமை தீவனக்கடையில் என்னைப் பார்த்தபோது பெருமையாகச் சொன்னாள். சனிக்கிழமை காலை சுட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எல்க் மான் வேட்டைக்குக் கிளம்புகிறானாம்.

யார் சொன்ன அளவானாலும் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் பெற்ற அப்பாவின் கையெழுத்தை எவன் சந்தேகப்படுவான்? நானும் பட்டிருக்க மாட்டேன்.

"அப்பாவோட தராசு தப்புடா. அவரு அறுபதுன்னு எழுதினது நெசத்துல ஐம்பத்தேழு."

அவன் முகம் சுருங்கியது.

பட்டறை மேசையோடு எனக்கு வந்த பழைய தராசு அது. வாங்கிய வருடமே முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, திருகு அசையாதபடி அம்மாவின் நகப்பூச்சை வைத்துப் பூசிவிட்டார். பிறகு ஒருநாள், இந்தத் துப்பாக்கி வருவதற்கு முன்பே, தட்டு கீழே விழுந்து விரிசல் விட்டது. ஈயம் வைத்து ஒட்டினார். அந்த ஈயம் மூன்று கிரெய்ன். அதன்பின் பூஜ்யத்தை அவர் பார்க்கவே இல்லை. இந்தத் துப்பாக்கி வந்தபிறகு தராசுத் தண்டில் ஓடும் எடைக்காயை அறுபதிலிருந்து நகர்த்தியதும் இல்லை. ஆக இருபது வருடமாக இது தின்றதெல்லாம் ஐம்பத்தேழு. அதுவே இந்த இரும்பு தாங்கும் எல்லை.

மூன்று கிரெய்ன் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகு, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பிய்த்துக்கொண்டு வந்தால், கன்னம் இருக்கும் பக்கம்தான் வரும். புதுத் தராசில் எவ்வளவு ஒழுங்காக எடை பார்த்தானோ அவ்வளவும் அவனுக்கே வினையாகியிருந்தது.

ஓரின் போல்ட்டைத் திறந்தான். தோட்டா அவன் உள்ளங்கையில் விழுந்தது. பெட்டியில் அதற்கான ஓட்டையில் வைக்கப் பார்த்தான். மூன்றாவது தடவைதான் உள்ளே போனது.

"இருபது தோட்டாவையும் பிரிச்சுக் கொட்டிடறேன்," என்றான்.

பிறகு என்னைக் கட்டிக்கொண்டான். சட்டையில் காப்பி வாசனை.

"நீ மட்டும் வரலேன்னா டில்டா இந்நேரம்..."

முடிக்கவில்லை. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"துப்பாக்கி ஒரு வீட்ல, மேசை ஒரு வீட்ல இருந்தா இப்படித்தான் ஆகும். நாளைக்குத் துப்பாக்கிய அங்க எடுத்துட்டு வரேன். ஐம்பத்தொண்ணுலேருந்து ஆரம்பிப்போம். மொதல் குண்டு நீ சுடு."

"ஏன், என் மூஞ்சி போனா பரவாயில்லையா?"

சிரித்தான். பதினான்கு மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். வண்டிவரை கூட வந்து கதவைத் திறந்துவிட்டான்.

"எப்பக்கா கண்டுபிடிச்ச?"

"காலையில. மேசையைத் துடைக்கறப்ப."

துடைத்தது செவ்வாய்க்கிழமை. வெறும் தட்டை வைத்ததும் முள் கோட்டில் நிற்கவில்லை. சோதனை எடைக்கற்களை வைத்து மூன்று தடவை சரிபார்த்ததும் அன்றைக்கே.

புதன், வியாழன், வெள்ளி. ஃபோன் சமையலறை மேசையில்தான் கிடந்தது. நான் ரொட்டி சுட்டேன். குளிர்காலத்துக்கு விறகு அடுக்கினேன். அவன் எண்ணை ஒரு தடவை எடுத்தேன், அழுத்தவில்லை.

அவன் பேரில்தானே எழுதினார், அவனே அனுபவிக்கட்டும் என்று, யாரும் இல்லாத அந்த வீட்டில் வாய்விட்டே சொன்னேன்.