நேரடிக் கொள்முதல்

விவசாயப் பொருளாதார டாக்டர் பட்டத்துக்கு நாளை வாய்மொழித் தேர்வு. தம்பானூர் டீக்கடையில் ஷைஜு பேராசிரியராக உட்கார, மஹேஷ் ஒத்திகை பார்த்தான்.

"வித்துரா கிராமத்து வாழைக்காரன் வயிறு காயறது, நடுவுல நிக்கற தரகன் தொந்தி பெருக்கறது. ரத்தம் குடிக்கற அட்டைகள், சார். விளைவிக்கறவனும் வாங்கறவனும் நேருக்கு நேர் பார்த்துண்டா போதும்."

இதைக் கேட்டால் வாழைக்குலையே கண்ணீர் விடும் என்று ஷைஜுவுக்குத் தோன்றியது.

"கொள்ளாம், நல்லா இருக்கு," என்று தொந்தியைத் தடவிக்கொண்டான். "மூணாம் அத்தியாயத்துல இந்த விலைக்கணக்கு எப்படி வந்துதுன்னு கேட்டா?"

மஹேஷ் அந்த அத்தியாயத்தைப் புரட்டினான். "அதான் புரியலை. ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாரே, அவரை ஒருதடவை நேர்ல பார்த்துக் கேட்டுக்கறேனே."

"அது நடக்காது சாரே. எழுதுறவனும் வாங்குறவனும் நேருக்கு நேர் பாத்துக்கிட்டா, பின்ன இந்த அட்டை யாரைக் கடிக்கும்?"