வழிவிட்ட விளக்குகள்

"படம் மறுபடியும் நின்னுபோச்சு மேடம்! டாக்டர் அங்க கத்துறாரு!"

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே சொன்னான் ஸ்டமாட்டிஸ். தீவின் தொலைபேசி நிலையம் அவன் பொறுப்பில் இருந்தது. பொறியாளர் அர்கிரோ இணையத்தைத் தெருத் தெருவாகப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை அறுத்துவிட்டது. அதற்காகத்தான் அவள் ஏதென்ஸிலிருந்து வந்திருந்தாள். இப்போது வெளியுலகத்துக்கு மலையுச்சி ரேடியோ கோபுரம் ஒன்றுதான் வழி. அதுவும் ஒற்றையடிப் பாதை மாதிரி.

அந்தப் பாதையில்தான் ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணிக்கு ரத்தம் நிற்கவில்லை. வெறிபிடித்து அடித்த காற்றில் ஹெலிகாப்டர் வர முடியாது. அனுபவமில்லாத இளம் டாக்டர் கத்தியை எடுத்திருந்தார். ஏதென்ஸிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் திரையில் பார்த்துப் பார்த்து வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு முதல்ல வழி விடுன்னு இந்தப் பெட்டிக்குச் சொல்ல முடியாதா?"

"சொன்னா கேக்குற சுவிட்ச் உப்புக்காத்துல செத்துப்போச்சு. இங்க மூலையில கிடந்ததைத்தான் மாட்டியிருக்கேன். இது ஊமை. வந்ததை வந்த வரிசையில தள்ளும், அவ்வளவுதான்."

"அப்ப மத்த வயரையெல்லாம் பிடுங்கிடுங்க!"

"பிடுங்கினா போனும் போயிடும். காவல் படகு இன்னும் கடல்லதான் இருக்கு, அவங்களுக்குப் போன் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பெட்டியில் வயர் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கு மேலும் ஒரு பச்சை விளக்கு. துறைமுகம், மேல்தெரு, தேவாலயத் தெரு, எல்லாமே விடாமல் துடித்தன. கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தீவே திரைமுன் உட்கார்ந்திருந்தது.

ஸ்டமாட்டிஸ் இன்னொரு தொலைபேசியை எடுத்தான்.

"டேய் நிகிட்டாஸ், மேட்சை நிறுத்துடா."

மறுமுனையில் நிகிட்டாஸின் துறைமுகத்துக் காபிக்கடையே அதிர்ந்தது. "கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? இப்பதான் நமக்குப் பெனால்டி கிடைச்சிருக்கு! நிறுத்தினா கடையையே கொளுத்திடுவானுங்க!"

"நம்ம பொண்ணு ஆபரேஷன் மேசையில கிடக்குறாடா. லைன் பத்தல."

கூச்சலுக்கு நடுவே நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. "எல்லாவனும் போனைக் கீழ வைங்கடா!" என்று நிகிட்டாஸ் போட்ட சத்தத்தில் ஸ்டமாட்டிஸ் காதை விலக்கிக்கொண்டான்.

துறைமுகத்து விளக்கின் துடிப்பு தளர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ மாடியிலிருந்து எதிர்மாடிக்குக் கத்தினார்கள். "அணைச்சிடு! எல்லாத்தையும் அணைச்சிடு!" குரல் வீடு வீடாகத் தாவி மேட்டில் ஏறியது. மேல்தெரு விளக்கு நிதானமானது. தேவாலயத் தெருவும் அடங்கியது.

அர்கிரோ ஒவ்வொரு விளக்காகப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக இந்த இணையப் போக்குவரத்தைத் திரையில் வெறும் கோடுகளாகப் பார்த்தவள் அவள். ஏறும், இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்னால், பெனால்டியைப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்துகிற ஒரு கை இருக்கும் என்று நினைத்ததே இல்லை. எல்லா விளக்குகளும் ஒதுங்கி நிற்க, சுகாதார நிலையத்து விளக்கு மட்டும் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது.

"படம் ஓடுது மேடம்!"

காற்று கதவை உலுக்கியது. நெடுநேரம் கழித்து, ஸ்டமாட்டிஸின் தொலைபேசியில் மெல்லிய வீறல் ஒன்று கேட்டது. அவன் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஆம்பளப் புள்ள. அம்மாவும் பிழைச்சிட்டா."

அர்கிரோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊர் மொத்தமும் இப்படி ஒதுங்கி வழிவிடும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். பெரிய குடும்பமோ? யார் வீட்டுப் பொண்ணு? பேரு என்ன?"

"அவ கண்ணு முழிச்சாத்தான் தெரியும் மேடம்" என்றான் ஸ்டமாட்டிஸ். "காலையில கவிழ்ந்த அகதிப் படகுலேர்ந்து நிகிட்டாஸ்தான் நீந்திப்போய் இழுத்துட்டு வந்தான், அவ பேசின பாஷை இந்தத் தீவுல ஒருத்தருக்கும் புரியல."