ஒன்றரை மணிக் கெடு

முப்பது வருடம் கீமேனாகத் தண்டவாளத்தில் நடந்து போல்ட்டுகளைச் சோதித்த மாசிலாமணியை, ஓய்வு பெற்றதும் பழைய ஆட்களிடம் பேசி வேலை விவரம் சேகரிக்கும் ரயில்வேயின் கணினி இயந்திரம் விசாரித்தது. கொட்டும் மழையில் ஆறு கிலோமீட்டரைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தன்னை மாட்டிவிடத்தான் கேட்கிறது என்று நினைத்து, நோட்டில் எழுதிவந்ததையே சொன்னார்: ஒன்றரை மணி நேரம். மழை நாட்களில் அவர் நடக்காமல் லெவல் கிராசிங் கேட் ரூமில் உட்கார்ந்துதான் அதை எழுதினார்.

இப்போது அதே வேலை பார்க்கும் மகள் பூங்கோதைக்கு இயந்திரம் வைத்திருக்கும் கெடு அதுதான். அன்று முழங்கால் சிராய்த்து, நனைந்து வந்தாள்.

“யப்பா, மழையில நெசமா நடந்தியா? இல்லன்னா சொல்லிடு. இன்னொரு தடவை லேட்டானா வேலை போயிரும்.”

அவள் காலரில் மாட்டியிருந்த கருவியில், இயந்திரம் பேச்சைப் பதிவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. கேள்வி கேட்பது இவளா, அதுவா?

“ஒருநாள் தவறினதில்ல,” என்றார் மாசிலாமணி. “உனக்குத்தான் நடை பத்தாது.”