அந்த வீட்டில் துப்பாக்கி இல்லை

எதிர் வீட்டில் இன்னொரு கண்ணாடி உடைந்தது.

"மாமா, ஜன்னலைச் சாத்துங்க. அவளையும் உள்ளே கூட்டிட்டுப் போங்க" என்றார் என் மாப்பிள்ளை. அவர் போலீஸ்காரர். யாரோ புகார் சொல்லி, அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தார். கூட வந்த போலீஸ்காரர் எதிர் வீட்டுப் பின்வாசல் பக்கம் போனார்.

நான் சாத்தவில்லை. மகளும் நகரவில்லை.

எதிர் வீட்டுக்காரன் மெக்கானிக். போன மாதம் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனதிலிருந்து குடி. காலையிலிருந்து தாழ் போட்டுக்கொண்டு உள்ளே கத்துகிறான்.

"இவனையெல்லாம் எப்பவோ பிடிச்சு உள்ளே போட்டிருக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு டெய்லர், அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு.

மாப்பிள்ளை வயர்லெஸ்ஸில் வீட்டு எண்ணைச் சொன்னார். "துப்பாக்கி ஏதாவது இருக்கான்னு பதிவேட்டுல பாருங்க."

கரகரவென்று பதில் வந்தது. "பார்த்தாச்சு. அந்த வீட்டுல துப்பாக்கி இல்லை."



இருக்கிறது. என் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் அவனுக்கு விற்றேன். காகிதம் எதுவும் இல்லாமல்.

பதியாமல் விட்டதற்கு நான் மட்டும் காரணம் இல்லை. துப்பாக்கிப் பதிவு ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை, போட்டோவில் காது தெரியவில்லை என்றார்கள். அடுத்த தடவை, கையெழுத்து கோணல். மூன்றாம் தடவை, கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நான் எழுத்துக் கூட்டிப் பதிவுப் படிவத்தைப் படித்தபோது அங்கிருந்த கிளார்க் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தோடு சரி.

அன்றிலிருந்து மாப்பிள்ளை வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

"கோடி கோடியாக் கொட்டி துப்பாக்கிக்கு ஒரு பதிவேடு. அந்தக் காசுல ஊருக்கே குடிதண்ணி விடலாம் மாப்பிள்ளை."

"முன்னப்பின்ன தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுறவன் நான் மாமா. உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு வேற யார் சொல்லுவா?"

"திருடன் வந்து பதிவு பண்ணுவானா?" என்று மடக்குவேன். அவர் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொள்வார்.

இப்போது அவர் எதிர் வீட்டு கேட்டைத் திறந்தார்.

"அப்பா, ஏன் ஜன்னல் கம்பியை இப்படிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லை."

சொன்னால் ஜெயில். இந்த வயதில். சொந்த மாப்பிள்ளையே விலங்கு மாட்ட வேண்டி வரும். அந்தக் கிளார்க் வேறு கேள்விப்பட்டுச் சிரிப்பான்.

மாப்பிள்ளை படியேறினார். ஒன்று. இரண்டு. கதவுக்கு நேராக நின்று, தட்டக் கையை ஓங்கினார்.

"மாப்பிள்ளை, தட்டாதீங்க. உள்ளே துப்பாக்கி இருக்கு. நான்தான் வித்தேன்."

என் குரல் தெரு முழுக்கக் கேட்டது. டெய்லர் வாயைப் பிளந்தார். மகள் என்னையே பார்த்தாள்.

மாப்பிள்ளை சட்டென்று சுவரோரம் ஒதுங்கினார்.

உள்ளே சத்தம் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கண் வீங்கியிருந்தது.

"இல்லை சார். அவ போன மறுநாளே துப்பாக்கியைக் கொண்டுபோய் பதிவு ஆபீசுல ஒப்படைச்சிட்டேன். குடிச்சா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. அது வீட்டுல இருக்க வேண்டாம்னு தோணுச்சு."

மாப்பிள்ளை மறுபடி வயர்லெஸ்ஸைத் தூக்கி விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் அதே கரகர குரல் வந்தது.

"ஆமா சார், போன மாசம் ஒப்படைச்சதா இருக்கு. வித்தவர் பேர் மட்டும் காலி. மூணு தடவை கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. கடைசிவரைக்கும் சொல்லலையாம்."

மெக்கானிக் தெருவுக்கு இந்தப் பக்கம், ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்தான்.

"மூணு தடவையும் நான் வாயைத் திறக்கலையேண்ணே" என்றான். "நீங்களே ஏன் இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்க?"