கொடியில் ஒரு புடவை

ஈரத்துணி வாளியோடு சகாயமேரி மாடிக்கு வந்தபோது, துணி காயப்போடும் கொடி அறுந்து கிடந்தது. அறுத்தவன் கத்தியோடு அங்கேயே நின்றிருந்தான். கழுத்தில் செல்போன் கம்பெனி அட்டை.

“அக்கா, எதிர் கட்டடத்துலேர்ந்து பின்னாடி டவருக்கு வெளிச்சத்துலதான் சிக்னல் போவுது. கண்ணுக்குத் தெரியாது. உங்க மாடி வழியாத்தான் போவுது. நடுவுல துணி தொங்குனா ஏரியாவுக்கே போன் வேலை செய்யாது.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். வெயிலைத் தவிர ஒன்றுமில்லை.

“என் வீட்டு மேல விடுறதுக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நாளைக்கு என்னையும் குனிஞ்சு நடக்கச் சொல்லுவீங்களா?”

“எதுவா இருந்தாலும் மேனேஜர்கிட்ட பேசிக்குங்க.” அவன் போனை எடுத்துப் பேசத் தொடங்கினான்.

அவள் கயிற்றை முடிச்சுப்போட்டு, முன்பைவிட உயரமாக இழுத்துக் கட்டினாள். புடவையை உதறி முழு அகலத்துக்கும் விரித்தாள்.

“சார்... ஹலோ? ஹலோ?”

கீழே தெருவிலும் யார் யாரோ ஹலோ ஹலோ என்று கத்தினார்கள். அவன் கை புடவையை நோக்கி நீண்டது.

“தொட்டுப் பாரு,” என்றாள் சகாயமேரி. “காயட்டும். அப்புறம் பேசு உன் மேனேஜர்கிட்ட.”

வாளியிலிருந்து அடுத்த புடவையை எடுத்தாள்.